இளைப்பாறும் டப்பா

“…சரி, எல்லாமே செத்த விதைன்னே வச்சுக்குவோம். அப்ப என் மூக்குக்குக் கீழ இது என்ன?”

கேட்டவர் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. பிள்ளைகளுக்கும் மற்ற ஆசிரியைகளுக்கும் அவர் பெரிய டீச்சர். அன்று அவருக்குப் பணி ஓய்வு விழா. களிமண்ணாலும் விதைகளாலும் செய்த அவருடைய முகத்தை ஒரு பலகையில் பதித்து மேடையில் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த முகத்தின் மேலுதட்டில் பச்சைப் பசேலென்று மீசை முளைத்திருந்தது. நான் அதற்கு எதிரே மண்டி போட்டு, சின்னக் கத்தரிக்கோலால் அந்த மீசையைச் சிரைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. வாயைத் திறந்தால், முப்பது வருஷமாக நான் சேர்த்த நல்ல பேர் போகும். திறக்காவிட்டால், பக்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்ற ரோஸ்லின் டீச்சருக்கு வேலை போகும். ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்பார்கள். எனக்கு இரண்டு காலும் சேற்றில்தான் இருந்தன.

நான் மதுரையில் ஒரு விதைக்கடையில் முப்பத்தெட்டு வருஷம் நின்றவன். நின்றவன் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் கடையில் நாற்காலி ஒன்றே ஒன்று, அது முதலாளிக்கு. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டதும் வில்லாபுரத்திலிருந்து சைக்கிளை மிதித்து வந்து அந்தக் கடையில் நின்றேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் முட்டி வலி வந்து உட்கார வைக்கும் வரைக்கும் நின்றேன். என் படிப்பெல்லாம் விதைப் பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருப்பதும், வாங்க வருகிறவர்கள் வாயிலிருந்து உதிர்வதும்தான். இரண்டில் எது மேல் என்று கேட்டால், உதிர்வதுதான் மேல். பாக்கெட்டில் பொய் இருக்கும்.

இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் மகள் ஜெனிபர். போன வாரம் போன் போட்டது அந்தப் பிள்ளை.

“சோலைண்ணே, மாடித்தோட்டக்காரங்க அம்புட்டுப் பேரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. போன வருசம் வாங்குன விதை மிச்சம் கிடக்கு, தூரப் போடவா, தூவி விடவான்னு. ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அச்சடிச்சுப் பையில போட்டுக் குடுத்துருவோம்.”

“ஒரு பக்கம்தானம்மா, நாளைக்கே தாரேன்” என்றேன். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “ஒரு பக்கம் உங்களுக்கு மூச்சு விடத்தான் காணும்” என்றாள். அவள் சொன்னதுதான் நடந்தது. ஜெனிபர் கேட்ட ஒரு பக்கம் இதற்குள்தான் எங்கோ இருக்கிறது, தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

முதலாளி பேர் அருமைநாயகம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. அதட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தப்புச் செய்தவனைப் பக்கத்தில் கூப்பிடுவார், ஒரு தாளை விரிப்பார், அதில் ஒரு சிட்டிகை கீரை விதையைக் கொட்டுவார். “எண்ணுங்க தம்பி” என்பார். அவ்வளவுதான். கீரை விதையைப் பார்த்திருக்கிறீர்களா? தும்மினால் பாதி போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். எண்ணி முடித்துச் சொன்னதும், “நல்லது, இன்னொருக்க எண்ணிருங்க” என்பார். இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால்தான் விடுதலை.

சேர்ந்த இரண்டாம் மாதமே நான் எண்ணினேன். முட்டைக்கோசு விதையும் கடுகும் கூடப் பிறந்தவை மாதிரி இருக்கும். டப்பா மாற்றி அள்ளி, விளாங்குடியிலிருந்து வந்த ஒரு குமாஸ்தாவுக்குக் கோசு என்று கடுகைப் பொட்டலம் கட்டிவிட்டேன். மனுஷர் ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு நேரே கடைக்கே வந்தார். உச்சியில் மஞ்சள் பூ.

“தம்பி, கோசு எப்ப உருளும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். இது தாளிச்சுக் கொட்டுற மாதிரியில்ல வந்திருக்கு?”

முதலாளி அவரிடம் மன்னிப்புக் கேட்டு, நல்ல விதை கொடுத்து அனுப்பிவிட்டுத் தாளை விரித்தார். அன்று சாயங்காலம் எனக்குக் கண்ணை மூடினாலும் கீரைதான் தெரிந்தது.

இனி பழைய விதைக்கு வருகிறேன். விதைக்கிற பட்டம் ஒவ்வொன்றும் முடிந்ததும் மிச்சம் நிற்கும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொல்லிவைத்தார்களே தவிர, ஆடி முடிந்து மிஞ்சியதை என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. எங்கள் முதலாளிக்கு அதற்கு ஒரு முறை இருந்தது. மிச்ச விதையைச் சோதிக்காமல் விற்கக் கூடாது, சோதிக்காமல் கொட்டவும் கூடாது.

சோதனை இதுதான். அவருடைய பழைய வேட்டியில் முழ நீளத்துக்கு ஒரு துண்டு கிழிப்போம். புதுத்துணி ஆகாது, அதில் கஞ்சி இருக்கும். குடிக்கிற தண்ணீரில் நனைத்துப் பிழிய வேண்டும். “பிழிஞ்சா சொட்டக் கூடாது, தொட்டா ஈரம் ஒட்டணும். காய்ச்சக்காரன் நெத்தியில போடுற துணி மாதிரி” என்பார். அதில் பத்து விதையை ஒன்றோடொன்று முட்டாமல் வைத்து, பாய் மாதிரி சுருட்டி, நூலால் கட்டி, எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து மூடி, கல்லாவுக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். கூடவே ஒரு சீட்டு. என்ன விதை, எந்த வருஷம், நனைத்த தேதி, பிரித்த தேதி, முளைத்தது எத்தனை.

பத்துக்கு எட்டு முளைத்தால் விதைக்குக் குறையில்லை. ஐந்து முளைத்தால் இரண்டு பங்காகத் தூவ வேண்டும். ஒன்றோ இரண்டோ என்றால் நம்பிப் பாத்தி கட்ட வேண்டாம். வீட்டில் செய்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். தண்ணீரில் போட்டு மிதந்தால் செத்தது என்று சிலர் சொல்வார்கள். முதலாளி அதை ஒத்துக்கொள்ள மாட்டார். “மிதக்குறவனெல்லாம் செத்தவன்னா தெப்பக்குளத்துல நீச்சலடிக்கிறவன் யாரு?” என்பார்.

முக்கியம், எத்தனையாவது நாளில் துணியைப் பிரிக்கிறோம் என்பது. விதைகளும் சொந்தக்காரர்கள் மாதிரிதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கீரை பக்கத்து வீட்டுக்காரி. கூப்பிட்டதும் வந்துவிடும், நாலு நாள் போதும். வெண்டைக்கு ஒரு வாரம். தக்காளி நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாலும், ஒரு வார்த்தை கூப்பிட்டால் மனசில் வைத்துக்கொள்ளாமல் வரும். வெங்காய விதை அப்படியில்லை. ஒரு வருஷம் தாண்டினால் பெரும்பாலும் உறவு முறிந்தது. கத்தரிதான் கல்யாணத்துக்கு வருகிற தாய்மாமன். வரும், கட்டாயம் வரும். ஆனால் முறுக்கிக்கொண்டு, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த பிறகு வரும். அதிலும் பழைய கத்தரி, அதிலும் கார்த்திகைக் குளிர் என்றால் கேட்கவே வேண்டாம். “கத்தரிக்குப் பதினாலு நாள். ஒரு நா முந்திப் பிரிச்சாலும் அது சோதனை இல்ல தம்பி, வேடிக்கை” என்பது முதலாளி வாக்கு.

சோதனையில் தேறாத விதையைச் செத்தது என்று சொல்ல அவர் விடமாட்டார். “அது இளைப்பாறுது” என்பார். அதற்கென்று ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. அதன்மேல் ‘இளைப்பாறுகிறவை’ என்று தம் கையால் எழுதி ஒட்டியிருந்தார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் செத்த டப்பா என்போம். சிவப்பும் நீலமுமாக மருந்துச் சாயம் பூசிய விதை மட்டும் அதற்குள் போகக் கூடாது. அது தனி. குருவிக்கும் ஆகாது, குழம்புக்கும் ஆகாது, குழந்தை கைக்கும் ஆகாது என்று கட்டிவைத்து, கம்பெனி ஆள் வரும்போது திருப்பி அனுப்பிவிடுவோம்.

அந்த இளைப்பாறும் டப்பாவுக்கு வருஷம் தவறாத ஒரு வாடிக்கை இருந்தது. அவர்தான் ரோஸ்லின் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கைவேலை கற்றுக்கொடுப்பவர். பிள்ளைகள் அட்டையில் மயிலும் கோபுரமும் வரைந்து, அதன்மேல் பசை தடவி விதைகளை ஒட்டுவார்கள். விதை செத்ததாக இருக்க வேண்டும், நிறம் மட்டும் போகாமல் இருக்க வேண்டும். கறுப்புக்கு வெங்காய விதை, வெள்ளைக்குச் சுரை, சந்தன நிறத்துக்குக் கத்தரி. “அண்ணே, யாரும் செத்துருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டுதான் கடைப்படி ஏறுவார். புதிதாக வந்தவர்கள் பயந்துபோவார்கள்.

ரோஸ்லின் டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷமாகத் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றால் பெரிய டீச்சர் ஒரு வரி எழுதித் தர வேண்டும். பெரிய டீச்சர் கணக்கு டீச்சர். கைவேலை வகுப்பு கணக்கு வகுப்பைத் தின்கிறது என்பது அவருடைய நெடுநாள் கட்சி. “ஒட்டுனது உதிரும், படிச்சதுதான் நிலைக்கும்” என்று ரோஸ்லின் டீச்சர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறார். அவர் ஓய்வு பெறப் போகிற வருஷம் ரோஸ்லின் டீச்சர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கேட்டே விட்டார். அதற்குக் கிடைத்த பதில், “போற அன்னைக்கு உங்க வேலையப் பாத்துட்டு முடிவு சொல்றேன்.”

“அதான்ணே, அவுங்க முகத்தையே செய்யப் போறேன்” என்று கடையில் வந்து நின்றார் டீச்சர். “அட்டையில ஒட்டுனா உதிரும்னுதான சொல்றாங்க? களிமண்ணுல மூக்கு முழியோட எடுப்பா செஞ்சு, மண்ணு ஈரமா இருக்கும்போதே விதையப் பதிச்சிரப் போறேன். முகத்துக்குக் கத்தரி விதைதான் சரியா வரும். அவுங்க நிறம் அதுதான். இருக்காண்ணே?”

இருந்தது. நாலு வருஷத்துக் கத்தரி விதை, டிபன் டப்பாவில் சோதனையில் இருந்தது. மூன்றாம் தேதி நனைத்தது. அன்று எட்டாம் தேதி.

இனிதான் என் வெட்கம். அன்று சாயங்காலம் கொட்டாம்பட்டியில் என் மச்சினன் வீட்டில் கெடாவெட்டு. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். டீச்சருக்கும் அவசரம், எனக்கு அதைவிட அவசரம். முதலாளி ஊரில் இல்லை. துணியைப் பிரித்தேன். பத்தும் கல்லு மாதிரி கிடந்தன. ஐந்து நாளில் கண் திறக்காதது இனியா திறக்கப் போகிறது என்று நினைத்தேன். சீட்டில், பதினாலு நாள் கணக்குச் சரியாக வரட்டும் என்று, பிரித்த தேதி பதினேழு, முளைத்தது பூஜ்யம் என்று எழுதி, விதை டப்பாவோடு சேர்த்து நூலால் கட்டி டீச்சர் கையில் கொடுத்தேன்.

“கண்டிப்பா முளைக்காதுல்லண்ணே? ஈர மண்ணுல வைக்கப் போறேன்.”

“டீச்சர், இது முளைச்சா எனக்கு மீசை எடுத்துருங்க” என்றேன்.

கடைசியில் யாருக்கு எடுக்க வேண்டி வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

கண்மாய்க் களிமண்ணைக் குழைத்து, மூக்கையும் உதட்டையும் தாடையையும் மேடாக எழுப்பி, டீச்சர் இரண்டு நாள் ராப்பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு விதையாகப் பதித்திருக்கிறார். மண் வெடித்துவிடக் கூடாதே என்று ஈரச் சாக்கால் போர்த்தி, சாக்கின் மேலேயே தினமும் தண்ணீர் தெளித்து, வெயில் படாத மூலையில் வைத்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள். எங்கள் முதலாளியின் வேட்டித் துணியும் டிபன் டப்பாவும் செய்கிற வேலையை இதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

இருபதாம் தேதி விழா. காலையில் கடையைத் திறக்கும்போதே போன்.

“அண்ணே, வாங்க. சீக்கிரம் வாங்க. முளைச்சிருச்சு.”

“எது டீச்சர்?”

“பெரிய டீச்சர்!”

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று எனக்கே நினைவில்லை. போய்ப் பார்த்தால், கூந்தல் அப்படியே இருந்தது. வெங்காய விதை, அது நிஜமாகவே இளைப்பாறிவிட்டது. கன்னத்தில் மண் மெல்லிசு, ஈரம் நிற்கவில்லை, அங்கேயும் ஒன்றுமில்லை. மண் கனமாக நின்ற இடம் மேலுதடு. அங்கே மட்டும், மூக்கின் இரண்டு பக்கமும் சமமாக, அடர்த்தியாகக் கத்தரி நாற்று. ‘அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா’ என்று விளையாட்டாகச் சொல்வோம். முளைத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

முதலில் பிடுங்கிப் பார்த்தேன். நாற்றோடு உதடும் வந்தது. டீச்சர் ‘ஐயோ’ என்று அலறி, வந்த உதட்டைத் திரும்ப அப்பினார். சரி, சிரைப்பதுதான் வழி என்று தையல் வகுப்பிலிருந்து கத்தரிக்கோல் வாங்கிவந்து ஒவ்வொன்றாக நறுக்கினேன். அது இன்னும் மோசம். நறுக்கிய இடத்தில் வெள்ளைத் தண்டு குத்திட்டு நின்றது. நாலு நாள் சவரம் செய்யாத முகம் மாதிரி ஆகிவிட்டது.

“அண்ணே, மீசையே தேவலைண்ணே!” டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“பாதி எடுத்தாச்சு டீச்சர். இனி நிப்பாட்டவும் முடியாது.”

விழா பத்து மணிக்கு. ஆனால் எங்கே போனாலும் பத்து நிமிஷம் முந்திப் போகிறவர் பெரிய டீச்சர். தாமதமாக வருகிறவர்களால் உலகத்துக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. முந்தி வருகிறவர்கள்தான் ஆபத்து. நான் இடப்பக்கத்தை முடித்து, வலப்பக்க மீசைக்குக் கத்தரிக்கோலைக் கொண்டுபோன நேரம், பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

“ரோஸ்லின்.”

“டீச்சர்… அம்புட்டும் செத்த விதை டீச்சர். முளைக்காதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அதை நம்பித்தான் ஈரச் சாக்கு போட்டு…”

அதற்குத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். செத்த விதை என்றே வைத்துக்கொண்டு, மூக்குக்குக் கீழே இது என்ன என்று.

எனக்கு முதலில் வாயில் வந்தது பொய்.

“புல்லு டீச்சர். கண்மாய் மண்ணுல்ல, புல்லு விதை கலந்திருக்கும்.”

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தம்முடைய மேலுதட்டை உற்றுப் பார்த்தார். “புல்லு இப்படி ஜோடி ஜோடியாவா இலை விடும்?”

பாவம், ரோஸ்லின் டீச்சர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பையைத் துழாவினார். “கடையில சோதிச்சுப் பாத்த சீட்டே இருக்கு டீச்சர். அண்ணன் கையெழுத்து. பொய்யே சொல்ல மாட்டாரு.”

சீட்டு கை மாறியது. முப்பது வருஷம் கணக்குத் திருத்திய கண், அதன்மேல் ஒரு தடவை ஓடியது.

“இந்த விதை உங்க கைக்கு என்னைக்கு வந்துச்சு?”

“எட்டாம் தேதி, டீச்சர்.”

“எட்டாம் தேதி கைக்கு வந்த விதையை, இவர் பதினேழாம் தேதி சோதிச்சிருக்கார்.” சீட்டை என் பக்கம் திருப்பினார். “இந்தக் கணக்கை நீங்க போட்டுக் காட்டுங்க. எனக்கு வரலை.”

கணக்குப் பாடம் என்னைத் தேடி வந்து இரண்டாம் தடவையும் கைவிட்டது. இதற்குள் மேடைப்படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். வெள்ளை வேட்டி, கையில் ஒரு எலுமிச்சம்பழம். விதை கொடுத்த கடை என்பதால் முதலாளியையும் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ரோஸ்லின் டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘பொய்யே சொல்ல மாட்டாரு’ என்று அவர் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

“அது கத்தரிக்கா, டீச்சர்” என்றேன். “பதினாலு நாள் வச்சுப் பாக்கணும். நான் அஞ்சாம் நாளே பிரிச்சேன். பிரிச்சதை மறைச்சுப் பதினேழுன்னு எழுதுனேன். ரோஸ்லின் டீச்சர் மேல ஒரு குத்தமும் இல்ல. நம்புனதுதான் அவுங்க குத்தம்.”

“எதுக்கு அவ்வளவு அவசரம்?”

“கொட்டாம்பட்டியில கெடாவெட்டு.”

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“கறி நல்லா இருந்துச்சா?”

“உப்புக் கம்மி, டீச்சர்.”

முதலாளி தொண்டையைச் செருமினார். “டீச்சர், உத்தரவு குடுத்தா ஒருக்க எண்ணிப் பாத்துக்கிறேன்.” உத்தரவு கிடைத்ததும் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, படத்தின் மேலுதட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்று, உதடு அசைய எண்ணினார். பெரிய டீச்சர் உட்பட யாரும் அசையவில்லை. எண்ணி முடித்ததும் இன்னொரு தடவை எண்ணினார்.

“அறுவத்தேழு. சிரைச்சதையும் சேத்து.”

“எத்தனைக்கு?” பெரிய டீச்சர் ரோஸ்லின் பக்கம் திரும்பினார்.

“அந்த இடத்துல மட்டும் எண்ணிப் பதிச்சேன் டீச்சர். ஒரு பக்கம் கூடிறக் கூடாதுன்னு, மூக்குக்கு அந்தப் பக்கம் அம்பது, இந்தப் பக்கம் அம்பது.”

“நூத்துக்கு அறுபத்தேழு” என்றார் பெரிய டீச்சர். “நாலு வருஷம் டப்பாவுல கிடந்துட்டு. பரவாயில்லை.”

கணக்கில் நான் எடுத்ததற்கு அது இரண்டு மடங்கு. அதை அப்போது சொல்லவில்லை.

முதலாளி பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு என் தோளைத் தொட்டார். “திங்கக்கிழமை கொஞ்சம் வெள்ளன வாங்க தம்பி. புதுக் கீரை விதை வந்திருக்கு.” நாற்பத்தைந்து வயசில், கல்லாவுக்கு எதிரே, ஜெனிபர் பார்த்துச் சிரிக்க, அந்தத் திங்கட்கிழமை நான் எண்ணினேன். ஒரே எண் வர நாலு தடவை ஆயிற்று.

வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டுகிற சத்தம் கேட்டது. ரோஸ்லின் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டீச்சர், துணி போட்டு மூடி உள்ள தூக்கிட்டுப் போயிரவா?” என்று கேட்டார். பெரிய டீச்சர் படத்துக்குக் கிட்டே போய், தம்முடைய வலப்பக்க மீசையில் ஒரு நாற்றை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தார். அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். உதடு அசைந்தது, நாற்று வரவில்லை.

“ஒட்டுனது உதிரும்னு நினைச்சேன்” என்றார். “இது வேர் விட்டிருக்கே, ரோஸ்லின்.”

பிறகு மேடையிலிருந்து இறங்கி, வாசல் மேசையில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கத்தரிக்குப் பன்னீர் ஆகுமா ஆகாதா என்று எந்தப் பாக்கெட்டின் முதுகிலும் எழுதியிருந்ததில்லை. அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, நான் சிரைத்த பக்கத்தில் இரண்டு தடவையும், சிரைக்காத பக்கத்தில் ஒரு தடவையும், அளவாகத் தம் மீசைக்குப் பன்னீர் தெளித்தார்.

“தினம் ரெண்டு வேளை. காய்க்கிற வரைக்கும் நீங்கதான் இங்க இருந்து பாத்துக்கணும்” என்று சொல்லி, செம்பை ரோஸ்லின் டீச்சர் கையில் வைத்து, அந்த விரல்களைத் தாமே அதன்மேல் மூடினார்.